எந்தக் கடைச் சிவப்பு?

அத்தியாயம் பன்னிரண்டு

பேக்கரியின் குளிர் அறையில் பற்றிய தீயைப் போன வாரமே அணைத்துவிட்டார்கள். அங்கே ரிப்பேர் பார்க்கப் போயிருந்த சின்னவனும் பிழைத்துக்கொண்டான். அத்தோடு விட்டது சனி என்று நாமும் மூச்சு விட்டோம். எங்கே விட்டது!

வலது கையில் முழங்கை வரை கட்டு. புருவம் இரண்டும் போய்விட்டன. "வளர்ந்துடும்" என்று டாக்டர் சொன்ன ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அவன் அம்மா எதிரே வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

புருவம் வளரும், கையும் தேறும். லைசென்ஸ் தேறுமா என்பதுதான் இப்போது கேள்வி. குளிர்சாதன கேஸைத் தொடுகிற ஒவ்வொருவருக்கும் லைசென்ஸ் கொடுக்கிற ஆணையம், சின்னவனுடையதை நிறுத்தி வைத்திருக்கிறது. இன்று விசாரணை. கவனக்குறைவு என்று முடிவானால் அவன் தெரிந்து வைத்திருக்கிற ஒரே தொழிலைத் தலைமுழுக வேண்டியதுதான். ஒரு ஏசியின் திருகைக்கூடச் சட்டப்படி கழற்ற முடியாது.

இதில் கொடுமை என்னவென்றால், அவனுக்கு எதிராக அறிக்கை எழுதி வைத்திருப்பவர் அவனைப் பெற்ற அப்பா.

"ஒரு கையெழுத்து போடும்மா" என்று அந்தத் தாளைச் சாப்பாட்டு மேஜையில் மூத்த மகள் பக்கம் தள்ளினார்.

அப்பா யார் என்று புதிதாகப் படிக்கிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். குளிர் மற்றும் வெப்பச் சாதனப் பணியாளர் சங்கத்தின் தலைவர். ஏசி, ஃப்ரிட்ஜ் பார்க்கிறவர்கள், ஹீட்டர், பாய்லர் பார்க்கிறவர்கள் என்று ஊரிலுள்ள எண்பது கடைகளும் அவர் பேச்சுக்குக் கட்டுப்பட்டவை. வீட்டில் அம்மாவே கோபம் வந்தால் "தலைவரே" என்றுதான் கூப்பிடுவாள். மூத்தவள் அந்தச் சங்கத்தின் செயலாளர். அப்பாவின் கடையை இப்போது நடத்துகிறவளும் அவள்தான். தலைவர், செயலாளர் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் சங்கத்தின் அறிக்கை செல்லும்.

மூத்தவள் தாளைப் படித்தாள். விபத்துக்குக் காரணம் தனிநபர் கவனக்குறைவு, சங்கத்தாரின் வேலை முறைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று அழகாக டைப் அடித்திருந்தது.

"தனிநபர்னா யாருப்பா?"

அவர் தண்ணீர் குடித்தார்.

"உங்க மகன்னே போட்டிருக்கலாமே. எழுத்து தீர்ந்துடுச்சா?"

"குத்திப் பேசாதே. யோசிக்காம எழுதலை நான். அவனைக் கடையில உட்கார வைக்கிறேன். ஃபோன் எடுக்கட்டும், ஆளுங்களை அனுப்பட்டும். வெயில்ல மொட்டை மாடி மொட்டை மாடியா ஏற வேண்டாம். ஆனா ஆணையம் இதைத் தோண்ட ஆரம்பிச்சா எண்பது கடையையும் தோண்டும். எத்தனை பேர் கேஸை மாத்தி ஏத்தியிருக்காங்கன்னு உனக்கே தெரியும். எண்பது குடும்பம்மா. என்னை நம்பி இருக்காங்க."

"அவன் யாரை நம்பி இருக்கான்?"

"வெல்டிங் டார்ச் பிடிச்சது அவன்தானே? உள்ளே என்ன கேஸ்னு பார்க்காம எவனாவது நெருப்பு வைப்பானா?"

"பார்க்காமதான் வச்சான்னு அவன் சொன்னானா?"

அப்பா மறுபடியும் தண்ணீர் குடித்தார். டம்ளர் காலியாக இருந்தது.

"கேட்கலைதானே? தினமும் போறீங்க. தூங்கினியா, மாத்திரை போட்டியா, அவ்வளவுதான். இதை மட்டும் கேட்க மாட்டீங்க. கேட்டா அவன் பதில் சொல்லிடுவான், அந்தப் பயம்."

அம்மா கையில் துணியோடு வந்து நின்றாள். "தலைவரே, அந்தத் தாளை எடுக்கறீங்களா, இல்லை சேர்த்துத் துடைச்சிடட்டுமா?"

மூத்தவள் தாளை மடித்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். "விசாரணைக்கு முன்னாடி நான் ஆஸ்பத்திரி போறேன். அவன் சொல்றதைக் கேட்டுட்டு, போடற மாதிரி இருந்தா போடறேன். இல்லைன்னா இல்லை."

"ஏம்மா, உன் தம்பி மேல எனக்கு அக்கறை இல்லைன்னு நினைக்கிறியா?"

"அக்கறை இருக்குப்பா. அவனுக்கு அது பத்தலை."

*

வார்டில் சின்னவன் இடது கையால் ஃபோனில் ஏதோ விளையாடித் தோற்றுக்கொண்டிருந்தான்.

"வா, செயலாளர். நோயாளிகள் சங்கத்துல ஏதாவது பதவி காலியா இருக்கா?"

"வாயைக் கொஞ்சம் மூடிட்டு நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லு." கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "அன்னிக்கு என்ன நடந்துச்சு? ஆரம்பத்துலேருந்து."

அவன் முகத்திலிருந்த சிரிப்பு போயிற்று. "இதைக் கேட்க உனக்கு ஒரு வாரம் ஆச்சாக்கா?"

அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அப்பாவைச் சொன்னாளே தவிர, அவளும்தான் கேட்கவில்லை. டாக்டர், மருந்து, கடை என்று ஓடிக்கொண்டிருந்தாள்.

"இப்ப கேக்கறேன்டா. சொல்லு."

"குளிர் அறை ஓடலைன்னு கூப்பிட்டாங்க. போய்ப் பார்த்தா குழாய்ல ஓட்டை. வெல்டிங் வச்சு அடைக்கணும். இருந்த கேஸை சிலிண்டர்ல இழுத்தேன். ஒழுங்காத்தான் இழுத்தேன். ஆனா குழாய்க்குள்ளே கொஞ்சம் மிச்சம் இருக்கத்தான் செய்யும். பழைய ரக கேஸ்னா அது தீப்பிடிக்காது, பிரச்சனை இல்லை. எரியுற கேஸ்னா நைட்ரஜன் விட்டு ஊதித் தள்ளிட்டுத்தான் டார்ச்சைக் கையில எடுக்கணும். எனக்குத் தெரியாதா?"

"பின்ன ஏன் ஊதலை?"

"மெஷின் தகட்டுல பழைய கேஸ்னு போட்டிருந்துச்சு. சரி, தகட்டை நம்பக் கூடாதுன்னு மூடியைப் பார்த்தேன். ரெட் இருந்துச்சுக்கா. நம்ம ரெட்."

இந்த இடத்தில் கதையை நிறுத்தி ஒரு சங்கதி சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் "ரெட்டாவது, ப்ளூவாவது" என்று நீங்கள் புரட்டிக்கொண்டு போய்விடுவீர்கள்.

எந்த மெஷினுக்கு எந்த கேஸ் என்று கம்பெனிக்காரன் தகடு அடித்து அனுப்புகிறான். அந்த கேஸ் கிடைக்காதபோது சில கடைக்காரர்கள் வேறொன்றை ஏற்றிவிடுவார்கள். அந்த வேறொன்று நன்றாகக் குளிரும். நெருப்பைக் கண்டால் நன்றாக எரியவும் செய்யும். மாற்றினால் மெஷின் மேல் சீட்டு ஒட்ட வேண்டும் என்பது ஆணையத்தின் விதி. ஒட்டினால் வீட்டுக்காரர் பயப்படுவார், இன்ஸ்பெக்டர் பிடிப்பார். ஒட்டாவிட்டால் அடுத்து வருகிற மெக்கானிக்குத் தெரியாது. என்ன செய்வார்கள்? கேஸ் ஏற்றுகிற வால்வின் மூடியில் நெயில் பாலிஷ் ஒரு பொட்டு வைத்துவிடுவார்கள். எண்ணெய் பட்டாலும் போகாது, வெளியாள் பார்த்தால் ஒன்றும் விளங்காது.

இந்த வழக்கத்தை ஆரம்பித்து வைத்தவர் சாட்சாத் நம்ம தலைவர்தான். ஆனால் அவர் கேஸை மாற்றுகிறவர் இல்லை. தான் பார்த்த மெஷினில் தகட்டில் உள்ள கேஸ்தான் இருக்கிறது, மாறவில்லை, தைரியமாக வேலை செய்யலாம் என்று தன் ஆட்களுக்குச் சொல்லத்தான் பொட்டு வைத்தார். அன்றைக்கு அம்மாவின் அலமாரியில் கிடைத்தது சிவப்பு. அதனால் சிவப்பு. வேறு காரணம் ஒன்றும் இல்லை. அம்மா பாலிஷ் புட்டியைத் தேடி வீட்டையே புரட்டியது தனிக் கதை.

"நம்ம ரெட்னா உள்ளே பழைய கேஸ்தானேக்கா" என்றான் சின்னவன். "அப்பா எப்பவோ பார்த்த மெஷின்னு நினைச்சேன். நம்பிப் பத்த வச்சேன்."

மூத்தவள் மனசுக்குள் கடைக் கணக்கைப் புரட்டினாள். கடைக்கு வருகிற ஒவ்வொரு அழைப்பும் அவள் கை வழியாகத்தான் போகிறது.

"அந்தப் பேக்கரிக்கு நம்ம கடை போனதே இல்லைடா."

"என்னது?"

"நீ போனதுதான் முதல் தடவை. அப்பா அந்த மெஷினைக் கண்ணால பார்த்ததில்லை."

சின்னவன் கட்டுப் போட்ட கையைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். "அப்ப அது யாரோட ரெட்?"

"அதைத்தான் கேட்டுட்டு வரப் போறேன்" என்று எழுந்தாள். உள்ளுக்குள் கொதித்தது. கூடவே ஒரு நிம்மதியும் இருந்தது. என் தம்பி பார்த்துவிட்டுத்தான் பற்ற வைத்திருக்கிறான்!

*

விசாரணைக்கு இன்னும் நேரம் இருந்தது. ஆணையத்துக்குப் போகும் வழியில் சங்கத்துக் கடைகள் மூன்று.

முதல் கடைக்காரர் மாடிப்படிக்குக் கீழே குந்தி ஒரு ஏசியின் வலையைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, உங்க கடையில மூடிக்குச் சிவப்பு வச்சா என்ன அர்த்தம்?"

அவர் பைப்பை மூடிவிட்டு நாலாபக்கமும் பார்த்தார். "வெளிய சொல்லிடாதேம்மா. அந்த வீட்டுக்காரம்மா சண்டைக்காரி, வேலையை முடிச்சோமா வந்தோமான்னு இருங்கறதுதான் அர்த்தம்."

மூத்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தம்பியின் கை ஞாபகம் வந்ததும் அடக்கிக்கொண்டாள்.

இரண்டாவது கடையில் "மோட்டார் மாத்தியாச்சுன்னு அர்த்தம்" என்றார்கள். அதிலென்ன சந்தேகம் என்பதுபோல் அவளையே ஒரு மாதிரி பார்த்தார்கள்.

மூன்றாவது கடைக்காரர் மட்டும் அவளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"எரியுற கேஸ் இருக்கு, நெருப்பு காட்டாதேன்னு அர்த்தம். ஏம்மா, இதைப் போய்க் கேக்கறே? சிவப்புன்னா வேற என்னவா இருக்கும்? தீயணைப்பு வண்டி என்ன பச்சையாவா ஓடுது?"

மூத்தவள் பையை மேஜையில் வைத்தாள். "உங்க கடை மட்டுமா இப்படி?"

"பாதிப் பேர் அப்படித்தான் வைக்கிறோம்."

"அந்தப் பேக்கரிக்கு..."

"ஐயையோ, சத்தியமா நான் இல்லை! அந்தத் தெருப் பக்கமே நான் போறதில்லை." சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. வாயில் கையை வைத்துக்கொண்டார். "அப்ப நம்ம தம்பி... சிவப்பைப் பார்த்துட்டுத்தான்..."

"ஆமா" என்றாள் மூத்தவள். "பார்த்துட்டுத்தான்."

*

ஆணையத்தின் வராந்தாவில் சங்கத்தார் திரண்டிருந்தார்கள். வெயில் காலத்துக்காரர்களான ஏசிக்காரர்கள் ஒரு பக்கம், குளிர் காலத்துக்காரர்களான பாய்லர்க்காரர்கள் ஒரு பக்கம். சங்கத்தில் இரு பக்கத்தாரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்ததாக வரலாறு இல்லை.

அவளை முதலில் பிடித்தவர் பொருளாளர். கம்ப்ரசர் என்று பட்டப்பெயர். ஓட ஆரம்பித்தால் நிற்க மாட்டார்.

"என்னம்மா செயலாளர், கையெழுத்து ஆச்சா? ஆகலையா? ஏன் ஆகலை? இது என்ன உங்க வீட்டுப் பிரச்சனையா? சங்கத்துப் பிரச்சனைம்மா. ஒரு கையெழுத்து, அஞ்சு நிமிஷம், எல்லாரும் கடைக்குப் போகலாம்..."

"அண்ணே, கொஞ்சம் ஆஃப் பண்ணுங்க. நான் அப்பாகிட்டப் பேசணும்."

அப்பாவைத் தூணுக்குப் பின்னால் அழைத்துப் போய் நடந்ததைச் சொன்னாள். மூன்று கடைக்காரர்கள் சொன்ன மூன்று அர்த்தங்களையும் சொன்னாள். அவர் முதலில் நம்பவில்லை.

"சிவப்புன்னா மாத்தலைன்னுதானே அர்த்தம்? மாத்தறவங்க வேற கலர் வச்சுக்குவாங்க."

"அப்படின்னு யார் சொன்னது?"

"சொல்லணுமா என்ன? எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே?"

"உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், சின்னவனுக்குத் தெரியும். வேற யாருக்கும் தெரியாதுப்பா. நீங்க புட்டியைக் காட்டினீங்க, அர்த்தத்தைச் சொல்லவே இல்லை. பாதி ஊருக்குச் சிவப்புன்னா நெருப்பு காட்டாதே. நம்ம வீட்டுக்கு மட்டும் சிவப்புன்னா தைரியமா நெருப்பு வை."

அப்பாவின் முகம் வெளுத்தது. தூணைப் பிடித்துக்கொண்டார். அவரைப் பார்க்க அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் பார்க்கிற நேரமா அது?

"நான் கையெழுத்துப் போட மாட்டேன். நீங்க அந்தத் தாளைப் படிக்கவும் கூடாது."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கம்ப்ரசர் வந்து அவர் முழங்கையைப் பிடித்து, "கூப்பிட்டுட்டாங்க தலைவரே, இன்னொரு பிரதி என்கிட்ட இருக்கு" என்று உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டார். அப்பாவும் போனார். பழக்கதோஷம், மனிதரை அப்படித்தான் நடத்திக்கொண்டு போகிறது.

*

ஆணையர் ஒரு பெண்மணி. தலையில் பாதி நரை, பேச்சில் சிக்கனம்.

"தலைவர் படிக்கலாம்" என்றார்.

அப்பா படித்தார். தனிநபர் என்ற வார்த்தை வந்த இடத்தில் குரல் இடறியது. இருந்தும் படித்து முடித்தார்.

ஆணையர் தாளை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "செயலாளர் கையெழுத்து இல்லையே. வரலையா?"

"வந்திருக்கேன் மேடம்." மூத்தவள் எழுந்து நின்றாள். முன்னாலிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குச் சம்மதம் இல்லை, அதனால போடலை. அந்த மெஷினோட மூடி உங்ககிட்ட இருக்கா?"

இன்ஸ்பெக்டர் ஒரு பிளாஸ்டிக் உறையைத் தூக்கிக் காட்டினார். உள்ளே கரி படிந்த பித்தளை மூடி. ஓரத்தில் சிவப்பு கொஞ்சம் மிச்சமிருந்தது.

"தொழிற்சாலைப் பெயின்ட்டுன்னு என் ஆளுங்க எழுதியிருக்காங்க" என்றார் ஆணையர்.

"இல்லை மேடம். நெயில் பாலிஷ்."

மண்டபத்தில் கசமுசா என்று பேச்சு எழுந்தது. அவள் நிறுத்தவில்லை. பொட்டு ஏன் வைக்கிறார்கள், தன் வீட்டில் அதற்கு என்ன அர்த்தம், தன் தம்பி அதை எப்படி வாசித்தான், அதற்கு முன் தங்கள் கடை அந்தப் பேக்கரிக்குப் போனதே இல்லை, மற்ற கடைகளில் என்ன சொன்னார்கள், எல்லாவற்றையும் மடமடவென்று சொன்னாள். கடைகளின் பெயரை மட்டும் சொல்லவில்லை.

கம்ப்ரசர் துள்ளி எழுந்தார். "மேடம், இது கட்டுக்கதை! நெயில் பாலிஷா? நாங்க என்ன கல்யாணப் பொண்ணுங்களா?"

ஏசிக்காரர்கள் பக்கம் சிரித்தது.

"அப்படின்னா உங்க டூல் பையைத் திறந்து காட்டுங்கண்ணே" என்றாள் மூத்தவள்.

கம்ப்ரசர் பையைச் சட்டென்று மடியோடு அணைத்துக்கொண்டார். இப்போது பாய்லர்க்காரர்கள் பக்கம் சிரித்தது.

"நான் பையைச் சோதனை போட வரலை" என்று மேஜையைத் தட்டினார் ஆணையர். "மாத்தினா சீட்டு ஒட்டணும்னு விதி இருக்கே. ஏன் ஒட்டலை?"

"ஒட்டினா எவன் மேடம் எங்களைக் கூப்பிடுவான்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

பாய்லர்க்காரர்களில் மூத்தவர் ஒருவர் எழுந்தார். "எங்களையும் ஒட்டச் சொன்னாங்கப்பா. நாங்களும் இதே மண்டபத்துல இதே மாதிரி கத்தினோம். தொழிலே போச்சுன்னு தலைல அடிச்சுக்கிட்டோம். இப்ப சீட்டு ஒட்டாம பாய்லரை விட்டுட்டு வந்தா வீட்டுக்காரங்களே ஃபோன் பண்ணித் திட்டறாங்க." சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

ஆணையர் அப்பா பக்கம் திரும்பினார். "தலைவரே, உங்களை ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உங்க கடையில சிவப்புக்கு என்ன அர்த்தம்?"

எண்பது கடைகளும் அவரையே பார்த்தன. ஒன்றும் தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அத்தனை பேரும் தப்பித்தார்கள். கம்ப்ரசர் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். மூத்தவள் அப்பாவைக் கெஞ்சவில்லை, முறைக்கவும் இல்லை, பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கேஸ் மாறலை, பயப்படாம நெருப்பு வைக்கலாம்னு அர்த்தம்" என்றார் அப்பா.

"உங்க பையனுக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தது யாரு?"

"நான்தான்." தாளை நோக்கிக் கை நீட்டினார். "நான்தான் மேடம். அவன் கவனக்குறைவா இருக்கலை. நான் சொன்னதை அப்படியே கேட்டான். அந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டுடுங்க."

மூத்தவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. காலையிலிருந்து அவர் மேல் வைத்திருந்த கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

ஆணையர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "சரி. இது பாதிப் பதில். மூடியில இருந்தது உங்க சிவப்பு இல்லை, ஒத்துக்கறேன். ஆனா கேஸை மாத்திட்டுச் சீட்டு ஒட்டாம போனது யாருன்னு எனக்குத் தெரியணும். அது தெரிஞ்சா உங்க பையன் லைசென்ஸைத் திருப்பித் தரேன். தெரியலைன்னா, நெயில் பாலிஷை நம்பிப் பத்த வச்சான்னு சொல்லி என்னால அவனை விட முடியாது. விதி என் கையைக் கட்டுது. டீ குடிச்சிட்டு வரேன். அதுக்குள்ளே பேசி முடிங்க."

*

ஆணையரும் இன்ஸ்பெக்டரும் போனதும் நாற்காலிகள் நகர்ந்தன. ஆளாளுக்குப் பையைத் தூக்கினார்கள். அவசர வேலை, மாடியில் ஆள் நிற்கிறான், பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வர வேண்டும். ஒரு நொடியில் எத்தனை வேலை முளைத்தது!

அப்பா வேகமாக நடந்து போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டார். ஒரு நாற்காலியை இழுத்து அதன் முன்னால் போட்டு உட்கார்ந்தார்.

"யாரும் போகப் போறதில்லை."

"தலைவரே, இது நியாயமா?" என்றார் கம்ப்ரசர்.

"இல்லைதான். உங்க யார்கிட்டயாவது இன்ஸ்பெக்டர் வந்தா நடுராத்திரின்னாலும் நான் வந்து நின்னேன். ஒரு தடவை கூட நியாயமா, அநியாயமான்னு கேட்டதில்லை. இன்னிக்கு என் பையனுக்காக நிக்கறேன். அந்தப் பேக்கரி மூடியில பொட்டு வச்சது யாரு?"

மூத்தவள் இன்னொரு நாற்காலியைக் கொண்டுவந்து அப்பாவுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். ஃபோனை எடுத்துத் தம்பியை அழைத்தாள்.

"எல்லாரும் இங்கதான் இருக்காங்க. ஸ்பீக்கர்ல போடறேன். நீயே பேசு."

ஃபோனைத் தூக்கிப் பிடித்தாள்.

"அண்ணன்மார் எல்லாருக்கும் வணக்கம்" என்றான் சின்னவன். "புருவம் இல்லாம பேசறேன். நேர்ல பார்த்தா பயந்துடுவீங்க, அதனால ஃபோன்லயே பேசறது நல்லதுதான்."

ஒருவரும் சிரிக்கவில்லை.

"நான் யாரையும் திட்ட மாட்டேன். உங்கள்ல பல பேர்கிட்ட வேலை கத்துக்கிட்டவன் நான். எனக்கு ஒரே ஒரு பயம்தான். ஊர்ல இன்னும் எத்தனை மெஷின்ல சிவப்பு இருக்கும்? ஆஸ்பத்திரி மாடியில இருக்கும், பள்ளிக்கூடத்துல இருக்கும். அடுத்த டார்ச் உங்க பையன் கையில இருக்கும், இல்லை மச்சான் கையில இருக்கும். அவனும் எங்க வீட்டு அர்த்தத்துல வாசிச்சான்னா? என் லைசென்ஸை விடுங்க. இதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

மூன்றாவது வரிசையில் ஒருவர் மெதுவாக எழுந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தப் பேக்கரிக்கு நான் போயிருக்கேன் தலைவரே. எரியுற கேஸ்தான் ஏத்தினேன். சிவப்பு வச்சேன்."

அப்பா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ எப்பப் போனே?" என்று எழுந்து நின்றவருக்குப் பின்னாலிருந்தவர் கேட்டார். குரலில் கலவரம். "நானும்தானே போனேன்? சிவப்பைப் பார்த்து மோட்டார் மாத்தியாச்சுன்னு நினைச்சேன். கேஸ் குறைஞ்சிருந்துச்சு. தகட்டுல உள்ள கேஸைக் கொஞ்சம் மேல ஏத்திட்டு வந்துட்டேன்."

"ரெண்டையும் கலந்தா விட்டீங்க?" என்று பாய்லர்க்காரர் ஒருவர் அலறினார்.

கம்ப்ரசர் அணைத்திருந்த பையைக் கீழே வைத்தார். அவ்வளவு மெல்லிய குரல் அவருக்கு உண்டு என்று அன்றுதான் எல்லாருக்கும் தெரிந்தது. "நானும் போனேன். மூணு மாசம் முன்னாடி. பொட்டு தேஞ்சிருந்துச்சு. சண்டைக்கார இடம்னு நல்லா தெரியட்டும்னு அது மேலயே இன்னொரு பொட்டு வச்சேன்."

மூன்று பேர். ஒரே மூடி. மூன்று பேருக்கும் மூன்று சிவப்பு. யார் வைத்தது என்று தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு இப்போது யாரைச் சொல்வதென்றே தெரியவில்லை.

வெளியே காலடிச் சத்தம் வந்தது. கதவை யாரோ தட்டினார்கள்.

"மேடம் வந்தாச்சு, திறங்க" என்றது இன்ஸ்பெக்டரின் குரல்.

அப்பா எழுந்து தாழில் கை வைத்தார். திறக்கவில்லை. மகளைப் பார்த்தார்.

"மூணு பேர் லைசென்ஸும் போயிடும்மா."

"தெரியும்பா."

"அப்புறம் எண்பது கடையையும் ஒவ்வொண்ணாத் திறந்து பார்ப்பாங்க. நம்ம கடையையும் சேர்த்து. பொட்டு வைக்க ஆரம்பிச்சவன் நான்தான்னு ஆயிடுச்சு. முதல்ல என் லைசென்ஸ்தான் போகும்."

"தெரியும்பா" என்றாள் மூத்தவள். அவர் கை மேல் தன் கையை வைத்தாள். "கதவைத் திறங்க."

அப்பா தாழை நீக்கினார்.